லபீப் சாப்பிட்ட கோஃப்தா

அன்று ஷுப்ரா பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: படம் எடுக்கும் ரத்வா, கேமராவோடு அவள் நண்பன் ஹாதிம், அடுப்படியில் அவள் அம்மா நகாத், வெளிச்சத்துக்கு வெள்ளை அட்டை பிடிக்க அவள் பெரியப்பாவான நான். நடிகர்தான் இல்லை. அவனுக்குக் காய்ச்சல்.

குறும்படப் போட்டி. நேற்றுத்தான் தலைப்புக் கொடுத்தார்கள்: ‘பசி’. இன்று சூரியன் மறைந்து நோன்பு துறக்கும் பீரங்கி வெடிப்பதற்குள் அனுப்ப வேண்டும். பசித்தவன் கறிக் கோஃப்தா உருண்டைகளை அள்ளித் தின்னும் காட்சி ஒன்றுதான் பாக்கி.

“நாம எல்லாரும் ரமலான் நோன்பு. யாரு திங்கிறது?” என்றான் ஹாதிம்.

“லபீப் மாமா! அவங்க கிறிஸ்தவங்கதானே!”

ரத்வா அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

லபீப் முகம் மழித்து, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தட்டைப் பார்த்தார். ரத்வாவின் முகத்தைப் பார்த்தார்.

“நான் கடைசியா நடிச்சது என் கல்யாணத்துலதான்” என்றபடி உட்கார்ந்தார்.

கேமரா ஓடியது. மனிதர் என்ன தின்றார்! கண்ணை மூடினார், விரலை நக்கினார். எனக்கே எச்சில் ஊறியது.

“பிரமாதம் மாமா! கிட்டக்க இன்னொரு தடவை!”

ஹாதிம் என் காதருகே குனிந்தான். “அவங்களுக்கும் இப்ப தவக்காலம், பெரிய நோன்புதான். கறி, பால், முட்டை எதுவும் ஆகாது. கேமரான்னதும் சாமி மறந்துபோச்சு பாருங்க.”

என் முகமும் சுளித்தது.

பீரங்கிக்குச் சற்று முன்பே படம் போய்ச் சேர்ந்தது. “என் மக!” என்று நகாத் குலவையிட்டாள்.

அந்தச் சத்தத்துக்கு லபீபின் மனைவி தக்லா எட்டிப் பார்த்தாள். கணவர் கையில் பாதிக் கோஃப்தா.

“அட பாவி மனுஷா! பெரிய நோன்புல கறியா? சாமியார் முகத்துல எப்படி முழிப்பே?”

ரத்வாவின் சிரிப்பு நின்றது. “ஐயோ மாமா, அவசரத்துல எனக்கு ஞாபகமே வரலையே!”

நகாத் ஒரு கோஃப்தாவைப் பிட்டு, தக்லாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே அரிசியும் பச்சைக் கீரையும்தான்.

“ஷுப்ராவுல பிறந்தவ நான்! ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்க நோன்பு எனக்குத் தெரியாதா? இவ உங்க வாசலுக்கு ஓடினதுமே கறியை எடுத்து வச்சிட்டு இதை உருட்டிட்டேன். சொல்ல வர்றதுக்குள்ள கேமராவை ஓட விட்டுட்டாங்க.”

ஹாதிம் தயங்கிக் கேட்டான். “அப்ப மாமா, இது கறி இல்லேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

லபீப் விரலைத் துடைத்துக்கொண்டார்.

“கடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, தம்பி.”

பீரங்கி வெடித்தது. தக்லா கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் ஆறு பேர். தட்டில் மிச்சம் ஐந்து கோஃப்தா.