அளவுச் சட்டை

"வெல்வெட் வேண்டாம்க்கா, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி பளபளன்னு இருக்கும். நல்ல அழுத்தமான கருப்புல கம்பளித் துணி இருந்தா காட்டுங்க."

தையற்கடை மேசைமேல் விரித்திருந்த துணிகளை, வந்திருந்த பெண் விரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அழுதழுது கண்ணோரம் சிவந்திருந்தது. ஆனால் துணி எடுப்பதில் மட்டும் ஒரு தடுமாற்றமும் இல்லை.

"எங்க மாமாவுக்கு எங்க நாய் வாலுன்னா உசுரு. என் வீட்டுக்காரர் வெளிநாட்டுலேர்ந்து வரணும், அதனால சனிக்கிழமைதான் அடக்கம். ஊர்வலத்துல வாலுதான் முன்னாடி நடக்கணும். அத்தனை சொந்தமும் வந்து நிக்கும்போது அது வெறும் உடம்போட நடந்தா, மாமனார் போனதும் நாயை அம்போன்னு விட்டுட்டாள்னு என்னையில்ல பேசுவாங்க?"

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்றாள் தையற்காரி. பதினாறு வருஷமாக நாய்களுக்குச் சட்டை தைத்தே பேர் வாங்கியவள். "நாயைக் கையோட கூட்டிட்டு வந்திருந்தா அளவு எடுத்திருப்பேனே."

"அது மாமா கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேங்குதுக்கா." கைப்பையிலிருந்து ஒரு பச்சைச் சட்டையை எடுத்து வைத்தாள். "இதான் அளவுச் சட்டை. கழுத்து மட்டும் கொஞ்சம் லூசா வைங்க. வாயில்லா ஜீவன், மூச்சு முட்டக் கூடாது."

தையற்காரி பச்சைச் சட்டையை வாங்கி நீவி மடித்து வைத்தாள். தனக்கும் ஒருத்தி மருமகள் என்று வாய்த்திருக்கிறாளே! ஒரு வாய் காப்பி கேட்டால் மூன்று நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கிறேன். துக்க வீடு, நீங்க அலைய வேண்டாம்."

"மத்த ஏற்பாடெல்லாம்?"

"எல்லாம் பண்ணியாச்சுக்கா. இது ஒண்ணுதான் பாக்கி."

மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்ததில் வியாழக்கிழமை மத்தியானமே சட்டை முடிந்துவிட்டது. உள்ளே மெல்லிய பருத்தி, மேலே கம்பளி, முதுகோரம் ஆறு கருப்புப் பொத்தான். ஆனால் தையற்காரிக்கு மனசு ஆறவில்லை. போட்டுப் பார்க்காமல் ஒரு சட்டையைக்கூட அவள் கடையை விட்டு அனுப்பியதில்லை. வயிற்றுப் பட்டி தளர்ந்து நடு ஊர்வலத்தில் நாயின் காலில் மாட்டினால், அத்தனை பேர் முன்னால் கடையின் மானம் கப்பலேறிவிடும்.

பில் புத்தகத்தில் விலாசம் இருந்தது. வேண்டாம் என்றாலும் துக்கம் விசாரித்த மாதிரியும் ஆச்சு என்று புதுச் சட்டையையும் பச்சைச் சட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வாசலில் நாற்காலி இல்லை, கூட்டம் இல்லை. உடம்பு ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் இருக்கும், சனம் நாளைக்குத்தான் சேரும் என்று நினைத்துக்கொண்டு மணியை அடித்தாள்.

சால்வை போர்த்திய பெரியவர் ஒருவர் கதவைத் திறந்தார். அவர் கக்கத்தில் பழுப்பு நிறக் குட்டை நாய் ஒன்று சொகுசாகச் செருகிக்கொண்டிருந்தது. செத்தவருக்கு அண்ணனோ தம்பியோ, முந்தியே வந்துவிட்டார் போலிருக்கிறது.

"வாலுவுக்குச் சட்டை கொண்டாந்தேன் ஐயா. மருமகதான் தைக்கச் சொன்னாங்க."

பெரியவர் முகம் மலர்ந்தது. "எங்கிட்ட மூச்சே விடலையே! தங்கமான பொண்ணும்மா அவ. அட, அந்தப் பச்சைச் சட்டை உங்ககிட்டதான் இருக்கா? ரெண்டு நாளா அதைத் தேடாத இடமில்ல!"

நாயைத் தரையில் விட்டு, அவரே குந்தி உட்கார்ந்து புதுச் சட்டையை மாட்டினார். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒருதரம் மூச்சு வாங்கினார். வாலு கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தது. பட்டி நழுவவில்லை, கழுத்து இறுக்கவில்லை. தையற்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அளவு கச்சிதம்," என்றார் பெரியவர். "ஆனா ஏம்மா போயும் போயும் கருப்பு?"

"சனிக்கிழமை அடக்கத்துக்குத்தானே ஐயா. ஊர்வலத்துல முன்னாடி நடக்கணும்னு சொன்னாங்க."

"அடக்கமா?" அவர் நாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யாரும்மா செத்தது? இந்த வீட்டுல நானும் என் மருமகளும்தானே இருக்கோம்!"

தையற்காரி வாயைத் திறந்தாள். அதற்குள், கடையில் கேட்ட அதே இதமான குரல் சமையலறையிலிருந்து வந்தது.

"மாமா, மருந்து கலக்கி வச்சிருக்கேன், வந்து ஒரே மடக்குல குடிச்சிடுங்க!"