நாணு சாரின் முதல் மீன்

“இன்னைக்கு நீங்க ஒரு மீன் பிடிக்காம நம்ம போட்டு கரைக்குத் திரும்பாது சார். நா சொல்லுதேன், பாத்துக்கிடுங்க.”

சுயம்பு சொன்னதைக் கேட்டு நாணு சார் சிரித்தார். “போன மாசமும் இதையேதான் சொன்னே.”

“போன மாசம் விட்டா இந்த மாசம்னு இருந்துச்சு. இனி எங்க இருக்கு?”

அதுதான் அவனுக்குக் கவலை. நாற்பது வருஷ மாதுங்கா வாசத்தை முடித்துக்கொண்டு, அடுத்த வாரம் பெங்களூருக்கு மகள் ஷ்ருதியிடம் போகிறார் நாணு சார். இதுதான் அவருடைய கடைசி சவாரி.

ஆசைக்குத் தூண்டில் போட வருகிறவர்களை வாஷி உப்பங்கழியில் படகேற்றி, மீன் கிடக்கும் இடம் காட்டுவது சுயம்புவின் தொழில். பிடித்த மீனோடு போட்டோ எடுத்துக்கொண்டு அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அவன் படகில் ஏறி ஒருநாள் வெறுங்கையோடு போனவர்கள் உண்டு. இரண்டு வருஷம் மாதம் தவறாமல் வந்தும் ஒரு மீனைக்கூடத் தூக்காதவர் இவர் ஒருவர்தான். இவர் தூண்டிலைக் கடித்த மீனெல்லாம் கடித்த வேகத்தில் விட்டுவிட்டுப் போய்விடும்.

“முடிச்சையாவது நான் போட்டுத் தாரேன் சார்.”

“கூடாது. ஒருத்தர் தூண்டில்ல இன்னொருத்தர் கை பட்டா அந்த மீன் கணக்குல சேராது. உங்க விளையாட்டுச் சட்டம்தானே?” என்றபடி, டப்பாவிலிருந்து, இரைக்குப் பதிலாகக் கட்டும் தன் பிளாஸ்டிக் மீனை எடுத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, தானே கட்டித் தண்ணீரில் விட்டார். சட்டம் பேசுவதில் மட்டும் குறைச்சல் இல்லை.

சுயம்புவால் அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. தாராவித் தோல் பட்டறை வேலையை விட்டுப் படகு வாங்கிய புதிதில், இவன் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஆபீஸ் கூட்டத்தோடு ஒருமுறை வந்த நாணு சாரிடம், “இந்த மாசத்தோட போட்டை வித்துருவேன் சார்” என்றுகூடப் புலம்பியிருக்கிறான். நல்லவேளையாக, தயிர்சாதம் தவிர வேறொன்றும் தெரியாத அந்த மனுஷருக்கு மீன் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அப்புறம் அவர் சொல்லி நாலு பேர், அந்த நாலு பேர் சொல்லி நாற்பது பேர் என்று சவாரி பெருகியது. இன்றைக்கு அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதென்றால் அது அவர் புண்ணியம். அவருக்கு ஒரு மீன் காட்டாமல் அனுப்பினால் உண்ட சோறு செரிக்குமா?

அதனால் சுயம்பு ஒரு திருட்டுவேலைக்குத் துணிந்திருந்தான்.

“சும்மாதானே இருக்கேன், எனக்கும் ஒண்ணு போட்டுக்கிடுதேன் சார்” என்று படகின் வலப்பக்கம் தானும் ஒரு தூண்டிலை விட்டான். இடப்பக்கம் அவருடையது. இரண்டு தூண்டில் கம்பும் படகுக்குச் சொந்தமானவை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். படகு மெதுவாக நகர்ந்தது.

பாலத்தைத் தாண்டியதும் வலப்பக்கக் கம்பு வளைந்தது. நாணு சார் முதுகைத் திருப்பி ப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். சுயம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டு கம்புகளையும் இடம் மாற்றிச் செருகினான்.

“சார், உங்களுக்குத்தான் மாட்டியிருக்கு. எந்திரிங்க.”

“எனக்கா?” காபி கொட்டியது.

“ஆராம்ஸே சார், அவசரப்படாதிய. அது இழுத்தா விட்டுக் குடுங்க. நின்னா சுத்துங்க.”

கால் மணி நேரம் போராடினார். வழுக்கைத் தலை வேர்த்து, மூச்சு வாங்கி, ஒரு கட்டத்தில் “சுயம்பு, நீயே பிடி” என்றார். “சட்டம் சார்” என்று சுயம்பு கையைக் கட்டிக்கொண்டான். கடைசியில் கை நீளத்துக்கு ஒரு கொடுவா படகோரம் வந்து புரண்டது. சுயம்பு குனிந்து அதன் தாடையைப் பிடித்தான். வாயிலிருந்த தன்னுடைய பிளாஸ்டிக் மீனை அவர் பார்ப்பதற்குள் பிடுங்கி, கால்சட்டைப் பையில் திணித்தான். அதிலிருந்த தூண்டில் முள் தொடையில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

நாணு சார் மீனைக் குழந்தையைப்போல இரு கையிலும் ஏந்தி நின்றார். போட்டோ எடுத்தாயிற்று. அவரே குனிந்து அதைத் தண்ணீரில் விட்டார். அது வாலை அடித்துப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

“ரொம்ப சந்தோஷம் சுயம்பு. நீ நன்னா இருக்கணும்.”

சுயம்புவுக்கு இரண்டு வருஷக் கடனில் ஒரு துளியாவது தீர்ந்த நிம்மதி. அவர் போட்டோவை ஷ்ருதிக்கு அனுப்புவதில் மும்முரமாக இருந்த நேரம் பார்த்து, தண்ணீரிலேயே கிடந்த அவருடைய தூண்டிலை அவசரமாகச் சுற்றி எடுத்தான். அதில் கட்டியிருக்கும் அவருடைய பிளாஸ்டிக் மீனை அவர் கேட்பதற்குள் ஒளித்துவிட வேண்டும்.

பிளாஸ்டிக் மீன் மேலே வந்தது. அதன் வயிற்றில் முள் இல்லை, வாலிலும் இல்லை. ஒருவேளை கழன்று விழுந்திருக்குமோ என்று திறந்துகிடந்த அவர் டப்பாவைப் பார்த்தான். உள்ளே இருந்த ஐந்திலும் முள் இல்லை.

“சார், இதுல எதுலயுமே முள்ளைக் காணுமே?”

நாணு சார் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “முள் இருந்தா அதுகளுக்கு வலிக்காதோ? போட்டை விக்கப்போறேன்னு அன்னிக்குச் சொன்னே, சும்மா பணம் குடுத்தா வாங்கிக்கமாட்டேன்னும் சொன்னே. மீன் பிடிக்க வரேன்னு சொல்றதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலைப்பா.”