இருபதாவது கணினி

ஜன்னலுக்கு வெளியே மலை மீது வெயில் ஏறுகிறது. கணினி அறை வாசலில், உள்ளே யாரையும் பார்க்காமல், பதினொன்றாம் வகுப்பு உஸ்மா நிற்கிறாள். "புராஜெக்ட் ஃபைலைப் பொது டிரைவ்லதான் சார் போட்டேன்" என்றவளை, "செய்யாம பொய் வேறயா?" என்று எல்லார் முன்னாலும் வெளியே அனுப்பியவன் நான். இப்போது மூலையில் இரைந்துகொண்டிருக்கும் பழைய கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறேன். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறதென்று போன வாரம்தான், எல்லாரும் ஃபைல்களைச் சேமிக்கும் பொது டிரைவை இதிலிருந்து வேறு கணினிக்கு மாற்றினேன். பத்தொன்பது கணினிகளைப் புதியதோடு இணைத்தபோது மணி அடித்துவிட்டது. இருபதாவதை, உஸ்மாவுடையதை, அப்புறம் பார்க்கலாமென்று விட்டுவிட்டேன். அது இன்னும் இந்தப் பழைய டிரைவையே பிடித்துக்கொண்டிருக்கிறது. திரையில் அவள் பெயரோடு அந்த ஃபைல், நேற்றைய தேதியில். "உஸ்மா, உள்ள வாம்மா. ஃபைல் இருக்குது." பின்வரிசையிலிருந்து மாறன், "இன்னா சார், ஃபைல் கிரிவலம் போயிட்டு வந்துச்சா?" என்கிறான். வகுப்பு சிரிக்கிறது. உஸ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். "பழைய மிஷினுங்க சார், அப்டித்தான் பண்ணும்" என்கிறாள் மெதுவாக. "ஆமாம்மா" என்கிறேன், திரையைப் பார்த்தபடி. "மிஷின்தான்."