இந்த வார அரக்கனின் குரல்

"அண்ணே, இது அரக்கனா, சளி பிடிச்ச பூனையா?"

பேய்த் தொடரின் இந்த வார அரக்கனுக்கு உறுமல் தேறவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இருட்டறையில், அதற்குக் குரல் கொடுக்கும் உறுமல்காரர் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். எதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

"இன்னொரு தடவை!"

வந்தது பாருங்கள் ஓர் உறுமல்! மேஜையே அதிர்ந்தது.

"பிரமாதம்ணே! இதை முதல்லயே பண்றதுக்கென்ன?"

பின்னால் கதவு திறந்தது. டீக்கோப்பையோடு உறுமல்காரர் நின்றார்.

"தொண்டை கட்டிக்கிச்சு தம்பி, அதான் டீ வாங்கப் போனேன். உள்ள யாரு?"

ஒலிப்பதிவாளர் கண்ணைத் திறந்தார். இருட்டுக்குள் இரண்டு சிவப்புக் கண்கள் அடுத்த டேக்குக்குக் காத்திருந்தன.

"யாருன்னு தெரியலண்ணே. ஆனா நல்லாப் பண்றாரு."

உறுமல்காரரின் முகம் வெளுத்தது.

"அப்போ... என் வேலை போச்சா?"