அக்பரின் அப்பா

ஆன்லைன் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து ஆக்னஸ் டீச்சர் கறுப்புக் கட்டங்களுக்குத்தான் வரலாறு நடத்தினார். பிள்ளைகள் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிடுவார்கள். கேள்வி கேட்டால் ஒரு சத்தமும் வராது.

"சுவத்துக்குப் பாடம் எடுக்கிறேன் சார். வேலையே வேணாம்னு தோணுது" என்று பி.டி. மாஸ்டர் பரந்தாமனிடம் போனில் அழுதார். மைதானமில்லாமல் வீட்டில் சும்மா இருந்தவர், "நாளைக்கு நான் பாத்துக்கிறேன் டீச்சர்" என்றார்.

மறுநாள் வகுப்பில், "அக்பரோட அப்பா யாரு?" என்று ஆக்னஸ் கேட்டதும், 'கோகுல்' என்ற புதுக் கட்டத்திலிருந்து, சின்னப் பையனாக முயன்ற ஒரு கட்டைக்குரல், "பாபர் டீச்சர்!" என்றது.

யாரென்று ஆக்னஸுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பதில் தப்பாயிற்றே. பழக்கம் முந்திக்கொண்டது.

"நேத்துதான சொன்னேன்? எந்திரிச்சு நில்லு!"

பரந்தாமன் பதறி எழுந்ததில் கை பட்டு கேமரா திறந்துகொண்டது. லுங்கியும் விசிலுமாகக் கைகட்டி நின்றார்.

எங்கோ ஒரு மைக் திறந்து களுக்கென்று சிரித்தது. அடுத்து இன்னொன்று. கட்டம் கட்டமாக முகங்கள் தோன்றின.

"டீச்சர், அது பி.டி. சார்!"

"ஹுமாயூன் டீச்சர்!"

"சாரை முட்டி போடச் சொல்லுங்க டீச்சர்!"

ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசையை ஓங்கித் தட்டி, "சைலன்ஸ்!" என்றார்.

பரந்தாமன் கட்டிய கையை எடுக்கவில்லை. அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவுமில்லை.