பெயர் சொல்ல வேண்டாம்

தொழில் வழிகாட்டி மையத்தின் இணையப் பக்கத்தில், பெயர் சொல்லாமலே பிள்ளைகள் ஆலோசனை கேட்கலாம். அன்று காலை ஆலோசகரின் திரையில் வந்த முதல் கேள்வி இது.

"லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைதான் எனக்குப் பிடிச்சிருக்கு. பயிற்சிக்கு இடமும் கிடைச்சிடுச்சு. ஆனா டாக்டருக்குத்தான் படிக்கணும்னு அப்பா ஒத்தக் கால்ல நிக்கிறார். எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும் சார்."

ஆலோசகர் சூடாகத் தட்டினார். "படிக்கப்போறது உங்கப்பாவா, நீங்களா?"

"அவர் என்னை வாயைத் திறக்கவே விடமாட்டார் சார்."

"தன் ஆசையைப் பிள்ளைங்க தலையில கட்டுற அப்பாக்களைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். தைரியமா பயிற்சியில சேருங்க."

"இதையே எழுத்துல தருவீங்களா? அவர்கிட்ட காட்டணும்."

"தாராளமா!"

கையெழுத்தும் மையத்தின் முத்திரையும் போட்ட கடிதத்தை உடனே அனுப்பிவைத்தார். ஒரு முரட்டு அப்பனைத் திருத்திவிட்ட திருப்தியோடு மாலையில் வீடு திரும்பினார்.

செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் ஒரு படிவத்தை நீட்டினாள். "பயிற்சியில சேர உங்க சம்மதம் வேணுமாம்ப்பா."

"லிஃப்ட் ரிப்பேரா? அப்ப மெடிக்கல் காலேஜ்? எந்தக் கூறுகெட்டவன் உனக்கு இந்தப் புத்தி சொன்னான்?"

மகள் இன்னொரு தாளை நீட்டினாள். அதன் அடியில் இருந்தது அவருடைய கையெழுத்தேதான்.

"அடியே, இது அடுத்த வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சொல்றதுடி!"