பின்னாலேயே வந்த வெள்ளை வண்டி

“இன்னும் பின்னாலதான் வரான்” என்றார் வெர்னன். பக்கக் கண்ணாடியை விட்டு அவர் கண் அகலவே இல்லை.

காரை ஓட்டிக்கொண்டிருந்த டோரீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “யாரு?”

“அந்த வெள்ளை வண்டிக்காரன். நாம காலையிலேருந்து ரெண்டு இடத்துல நின்னோம்ல, ரெண்டு இடத்துலயும் அவனும் வந்து நின்னான். இறங்கினான், அங்க கம்பத்துல இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தான், மறுபடி ஏறிட்டான். எனக்கு இது நல்லதாப் படல.”

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்க. உனக்குப் பட்டப்பகல்லயே பேய் தெரியுது.”

வெர்னனுக்கு வயது எழுபத்தொன்று. நாளை நன்றித் திருநாள். டூசான் நகரில் மகள் மார்லா வீட்டு விருந்தில் அவர் உட்கார்ந்தாக வேண்டும். டோரீனை இரண்டாம் தாரமாகக் கட்டியபோது கோபித்துக்கொண்டு போன மகள். பதினோரு வருடம் முகம் பார்க்கவில்லை. அவளைப் பார்க்காமல் செத்துப்போய்விடுவோமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம். இந்த நேரத்தில் எவனாவது வழிமறித்துத் தொலைத்தால்?

இரண்டு வாரத்துக்கு முன்னால் மார்லாவே போன் செய்தாள். ‘நான் எழுதின லெட்டருக்கெல்லாம் ஏம்ப்பா பதிலே போடல?’ என்று அவள் அழுதது இன்னும் அவர் காதில் இருந்தது.

“எந்த லெட்டரைச் சொன்னாள்னே தெரியல டோரீன். நாளைக்கு முதல் வேலையா அதைத்தான் கேக்கணும்.”

“கேளு, நல்லாக் கேளு. தினமும் தபால் பெட்டி வரைக்கும் நடக்கறவ நான். என் கண்ணுல ஒண்ணும் படல.”

அவளைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பயணத்துக்கு எல்லா ஏற்பாடும் அவள்தான். மார்லாவிடம் பேசியது அவள். மாத்திரைகளை எடுத்து வைத்தது, பூசணிப் பணியாரத்தைக் குளிர்பெட்டியில் வைத்தது, எல்லாம் அவள். நேர் சாலையில் போனால் ஒரே நாளில் போய்விடலாம். “வீட்டையே கட்டிக்கிட்டு அழற மனுஷனுக்கு ரெண்டு பாலைவனப் பூங்காவையாவது காட்டணும்” என்று சுற்றுவழியைப் பிடித்ததும் அவள்தான். இந்த வயதில் இப்படி ஒருத்தி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது இடத்தில் மண்சாலை முடிந்தது. பேருக்குக்கூட ஓர் ஆள் இல்லை. கைகளைத் தூக்கி நின்ற கள்ளி மரங்களும், கம்பத்தில் ஓர் இரும்புப் பெட்டியும் மட்டும்தான். பெட்டிக்குள் நோட்டும் பென்சிலும் இருந்தன. நடக்கப் போகிறவர் பெயர், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எழுதாமல் போனவரின் கார் நின்றால் தேட ஆள் வரும்.

“இந்தத் தடவை நான் எழுதறேன்” என்றார் வெர்னன்.

“படிக்கிற கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்தாச்சு. என்னத்தை எழுதுவ? உன் கோழிக் கிறுக்கலை யாரு படிக்கிறது? நகரு.” அவளே எழுதிப் பெட்டியை மூடினாள்.

பழைய செம்புச் சுரங்கம் வரை அரை மணி நடை. தண்ணீர்ப் பையை டோரீன் சுமந்தாள். வெர்னன் நாலு தப்படிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கீழே தூரத்தில் புழுதி கிளம்பியது. வெள்ளை வண்டி அவர்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“வந்துட்டான் டோரீன். போனைப் போடு.”

“இங்க எங்க சிக்னல் இருக்கு? பேசாம நட. சுரங்கத்துக்கிட்ட போயிட்டா நம்மள அவனுக்குத் தெரியாது.”

சுரங்கக் குழியைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பிவேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. வெர்னனுக்கு மூச்சு வாங்கியது. டோரீன் அவர் முதுகில் கையை வைத்தாள்.

“அடியில தண்ணி மின்னுது பாரு. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்க் குனிஞ்சு பாரு, ஒண்ணும் ஆகாது.”

அவர் ஒரு காலை எடுத்து வைத்தார். சரளைக்கல் சறுக்கிக் குழிக்குள் விழுந்தது. அது அடியைத் தொட்ட சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

“ஹலோ, அங்கேயே நில்லுங்க!”

வெள்ளை வண்டிக்காரன் ஏறி ஓடிவந்துகொண்டிருந்தான். தாடி, கையில் சுருட்டிப் பிடித்த ஏதோ ஒன்று. வெர்னன் டோரீனைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கையை விரித்து நின்றார்.

“எது வேணும்னாலும் எடுத்துக்க. என் பெண்டாட்டி மேல மட்டும் கையை வைக்காத.”

வந்தவன் நின்று மூச்சு வாங்கினான். சட்டையில் பூங்காத் தொண்டரின் அடையாள வில்லை. கையில் இருந்தது பெட்டிகளிலிருந்து கிழித்தெடுத்த தாள்கள்.

“பயப்படாதீங்க சார். ஒவ்வொரு இடமாப் போய் இந்தத் தாளையெல்லாம் எடுத்துட்டுப் போறதுதான் என் வேலை.” தொண்டர் டோரீனைப் பார்த்துச் சிரித்தார். “டோரீன் நீங்கதானே மேடம்? மூணு இடத்துலயும் ஒரே ஒரு ஆள்னு எழுதியிருந்தீங்க. தனியா ஒரு பொம்பளை இந்தக் குழிப் பக்கம் போறாங்களேன்னு மனசு கேக்கல, ஓடிவந்தேன்.”

வெர்னன் முதுகில் இருந்த டோரீனின் கை மெல்ல விலகியது.

தொண்டர் தாளை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு வெர்னனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

“அப்போ நீங்க யாரு சார்?”